தானாக மூடிக்கொண்ட மூலைகள்

அன்பிலும் பொறுமையிலும் குறைவில்லாத என் நாத்தனாருக்கு, உன் அண்ணி எழுதிக்கொள்வது.

நாங்கள் இருவரும் நலம். உன் நலமும், உன் வீட்டுக்காரர் நலமும், வர்ணம் காய்ந்து குடிபுகக் காத்திருக்கும் உன் புது வீட்டின் நலமும் அறிய ஆவல். தொலைபேசி கையில் இருக்கும்போது அண்ணி எதற்காக மடல் எழுதுகிறாள் என்று நீ யோசிக்கலாம். தொலைபேசியில் நான் பேசினால் உன் அண்ணன் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, "நான் கேட்டேன்னு சொல்லு" என்பார். அவர் கேட்கக் கூடாத செய்தி இது. தவிரவும் பேச்சில் என் வாக்கியங்களை யாரேனும் நடுவில் மறித்துவிடுகிறார்கள். காகிதம் மறிப்பதில்லை. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. நான் படிப்பை விடவில்லை. எனக்கு ஆசிரியரும் நானே, மாணவியும் நானே, தவறு செய்தால் தலையில் குட்டியவளும் நானே. ஆகவே இம்மடலில் ஏதேனும் குறை காணின் அது நேரமின்மையால் நேர்ந்தது, அறியாமையால் அன்று என்று கொள்ளவும்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் புது வீட்டுக்குச் சுவரடிச் சட்டமும் கதவுகளைச் சுற்றி பீடிங் என்னும் மெல்லிய மரப்பட்டையும் உன் அண்ணனே வந்து அடித்துத் தர வேண்டும் என்று நீ கேட்டதாகவும், அதற்காக வேலைக்கு வந்திருந்த தச்சரைத் திருப்பி அனுப்பிவிட்டதாகவும் அறிந்தேன். அறிந்த கணத்தில் தையல் இயந்திரத்தின் மிதியில் இருந்த என் கால் அப்படியே நின்றுவிட்டது. உன் அண்ணனோ ரம்பத்தையும் மூலைமட்டத்தையும் எண்ணெய் போட்டுத் துடைத்துப் பெட்டியில் அடுக்கத் தொடங்கிவிட்டார். அருமை நாத்தனாரே, அந்த ஏற்பாட்டைத் தயவுசெய்து நிறுத்து. ஏன் என்று கேட்பாய். இதுவரை யாரிடமும் சொல்லாததை உனக்கு மட்டும் வரிசையாகச் சொல்கிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு உன் அண்ணன் எங்கள் வீட்டுக்குச் செய்த முதல் தொண்டு இந்தச் சட்ட வேலை என்பது உனக்குத் தெரியும். சுவரின் அடியோரமாக ஓடிவரும் இரண்டு சட்டங்கள் மூலையில் சந்திக்கும்போது, இரண்டையும் சாய்வாக அறுத்து, இரு உள்ளங்கை சேர்ந்தாற்போல ஒட்ட வைக்க வேண்டும் என்பது விதி. அவர் விதியை மீறவில்லை. நாற்பத்தைந்து பாகை என்றால் நாற்பத்தைந்தே பாகை, மயிரிழை பிசகாமல் அறுத்தார். சுவர்தான் விதிக்குக் கட்டுப்படவில்லை. எங்கள் வீட்டில் ஒரு மூலை விரிந்திருக்கும், ஒரு மூலை குறுகியிருக்கும், ஹாலின் ஒரு மூலைக்கு மூலை என்று சொல்லிக்கொள்ளும் தகுதியே கிடையாது. நான் அன்றே சொன்னேன்: எனக்கு வாடிக்கையாக வரும் பெண்களில் இரண்டு தோளும் சமமாக உள்ளவர் ஒருத்தர்கூட இல்லை, அதற்காக உடம்பையா வெட்டுகிறேன், துணியைத்தானே உடம்புக்குத் தக்கபடி வெட்டுகிறேன், நீங்களும் சுவரை அளந்து அறுங்கள் என்று. அவர் மூலைமட்டத்தை என் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டி, "கட்டை சரி. சுவர்தான் தப்பு" என்றார். ஆணி அடித்து முடித்தபோது ஒவ்வொரு மூலையும் பல் விழுந்த குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டு நின்றது. என் பொத்தான் ஒன்று அதற்குள் போய்விட்டது. அவருடைய மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் போய்விட்டது. எறும்புகள் ஒரு மூலையில் புகுந்து மறு மூலையில் வெளிவந்து, வீட்டைச் சுற்றிவர எங்களைவிடக் குறுக்கு வழி கண்டுபிடித்துவிட்டன.

நம் மகனின் மாமனார், அதாவது சம்பந்தி, ஒருநாள் வந்து தம் பேனாவை ஹால் மூலையின் சந்தில் செருகிப் பார்த்தார். பேனா நின்றது. "ஏன் சம்மந்தி, காத்தோட்டத்துக்காக விட்டிருக்கீங்களா?" என்றார். நம் மருமகள் பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்கியதை நான் பார்த்தேன். உன் அண்ணனும் பார்த்தார். பழைய அலுவலகக் குரலில், இப்போது காற்று வறண்டிருக்கிறது, மழைக்காலத்தில் ஈரப்பதம் ஏறும், ஏறினால் மரம் வீங்கும், வீங்கினால் சந்துகள் யாவும் தாமாக மூடிக்கொள்ளும், இதைக் கணக்கில் வைத்தே இடைவெளி விடப்பட்டது என்று அறிவித்தார்.

இங்கேதான் நீ அவர் தங்கை என்ற முறையில் என்னைப் புரிந்துகொள்ள வேண்டும். வானிலை நிலையத்தில் காற்றின் ஈரத்தை அளக்கும் ஈரமானியைப் பார்த்துப் பார்த்தே வாழ்நாளைக் கழித்த மனிதர். அவர் சொன்ன மழை பெய்ததில்லை, சொல்லாத மழை தவறியதில்லை. உன் கல்யாணத்தன்று வானம் தெளிவாக இருக்கும் என்று அவர் சொன்னதை நம்பித் திறந்த வெளியில் விருந்து வைத்து, நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நாம் ஓடியதை நீ மறந்திருக்க மாட்டாய். இன்றைக்கும் அவர் மாடிக்குப் போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வெயில் என்று சொன்னால், தெருவில் உள்ளவர்கள் காயும் துணியை ஓடிப்போய் எடுக்கிறார்கள். அவர் சிரித்துக்கொண்டேதான் இறங்கிவருவார். ஆனால் அன்று இரவுச் சாப்பாட்டில் மோர் கேட்க மாட்டார். நான் கவனித்திருக்கிறேன்.

மழைக்காலம் வந்தது. சுவரில் மாட்டியிருந்த ஈரமானி ஏறியது. ஊறுகாய் ஜாடி மூடி இறுகியது, ஜன்னல் கதவு இறுகியது, சந்து மட்டும் அப்படியே இருந்தது. தினமும் காலையில் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மூலையிலும் குனிந்து பார்ப்பார், நிமிர்வார், போவார். என்னிடம் ஒன்றும் கேட்க மாட்டார். சாப்பாட்டில் மோரும் கேட்க மாட்டார். எத்தனை நாள் ஒரு மனுஷி இதைப் பார்த்துக்கொண்டிருப்பாள், சொல்.

கிழிந்த இடம் தெரியாமல் தைப்பது என் தொழில். நூலை நூலோடு கோத்து நான் மூடிக் கொடுத்த கிழிசலை, கிழித்தவர்களே தேடிக் கண்டுபிடிக்க முடியாமல் போனதுண்டு. துணிக்குச் செய்ததை மரத்துக்குச் செய்ய முடியாதா என்று யோசித்தேன். நூலகத்தில் ஒரு தச்சுவேலைப் புத்தகத்தை எடுத்து, தையல் புத்தகத்தின் அட்டையைப் போட்டுப் படித்தேன். உன் அண்ணன் மாலையில் நடக்கப் போனதும், அவர் அறுத்து மூலையில் குவித்து வைத்திருந்த மரத்தூளை எடுத்து வெள்ளைப் பசையோடு குழைத்து ஒரு சந்தில் அடைத்தேன். காய்ந்தபின் அது பழைய செருப்பில் புதுத் தோல் வைத்தாற்போலப் பளிச்சென்று தெரிந்தது. பிடுங்கினேன். தேயிலைச் சாயத்தில் தூளை ஊறவைத்தேன், நிறம் சேர்ந்தது, ஆனால் பசை சேரவில்லை, பிட்டு மாதிரி உதிர்ந்தது. நன்றாகக் காயவைத்துக் குழைத்தேன், அது கிண்ணத்திலேயே இறுகி, கரண்டியும் கிண்ணமும் ஒன்றாகி, இன்றைக்கும் அவை பிரியவில்லை, பரண்மேல் ஜோடியாக இருக்கின்றன. நான் அசரவில்லை. அகலச் சந்துக்கு முதலில் மரச் சீவல் ஒன்றைச் செருகி, பிறகு தூள் கலவையை வைத்து, ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் உப்புத்தாளால் இழைக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டேன். வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் மூலையில் மெல்லிய சந்து என்றால் பசையே வேண்டாம். கத்தரிக்கோலின் வழுவழுப்பான பிடியால் இரண்டு ஓரத்தையும் அழுத்தித் தேய்த்தால் மரநார் வளைந்து ஒன்றையொன்று தழுவிக்கொள்ளும். இது புத்தகத்தில் இல்லை. நானே கண்டது.

அந்த முதல் மூலையை நான் வெற்றிகரமாக அடைத்து முடித்த தருணத்தில் உன் அண்ணன் திரும்பி வந்துவிட்டார். மழை வராது என்று தாமே சொல்லிக் குடை இல்லாமல் போனவர், மழை வந்ததால் குடை எடுக்க வந்தார். எனக்கு எழுந்திருக்க நேரமில்லை. மூலைக்கு முதுகு கொடுத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். என்ன ஆச்சு என்றார். இடுப்பு வலி என்றேன். கட்டிலில் படுக்கச் சொன்னார். தரைதான் இதமாக இருக்கிறது என்றேன். உண்மை என்னவென்றால், எனக்கு எழுந்திருக்கும் சுதந்திரமே இல்லை. சேலைத் தலைப்பு பசையில் பிடித்துக்கொண்டுவிட்டது. அவர் என்னைப் பார்த்தார், என் பின்னால் சுவரைப் பார்த்தார், குடையை எடுத்தார். பிறகு மேசைமேல் இருந்த என் கத்தரிக்கோலைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்து, "இது கீழ கெடந்துச்சு, கால்ல குத்தும்" என்று சொல்லிவிட்டு, மழையோடு மறுபடி நடக்கப் போய்விட்டார். கவனக்குறைவிலும் சில சமயம் மனிதர்களுக்கு உபயோகம் உண்டு. தலைப்பில் ஒரு துண்டை வெட்டிக்கொண்டு எழுந்தேன். அதன் ஒரு நூல் இன்னும் அந்த மூலைக்குள் இருக்கிறது, யாருக்கும் தெரியாது.

மறுநாள் காலை பூதக்கண்ணாடியோடு போனவர் வெகுநேரம் நிமிரவில்லை. சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"மூடிடுச்சு" என்றார்.

அப்படியா என்றேன். அவ்வளவுதான். அன்று மத்தியானம் இரண்டு டம்ளர் மோர் குடித்தார்.

ஒரு மூலையோடு நிறுத்தியிருந்தால் தொல்லை இல்லை. ஒரு மூலை மூடி மற்றவை மூடாவிட்டால் இயற்கையின் மேலேயே சந்தேகம் வந்துவிடும் அல்லவா? ஆகவே ஒவ்வொன்றாகத் தொடர்ந்தேன். இதற்குள் உன் அண்ணன் முன்னறிவிப்பு செய்யவும் ஆரம்பித்துவிட்டார். ஈரமானியைத் தட்டிப் பார்த்து, அடுத்து மூடப்போவது குளியலறைப் பக்கத்து மூலை என்பார். நான் படுக்கையறை மூலைக்குச் சீவல் சீவி வைத்திருப்பேன். அதைப் போட்டுவிட்டுக் குளியலறைக்கு ஓட வேண்டும். ஒருநாள், வெள்ளிக்குள் கதவு நிலையின் மேல்மூலை மூடும் என்றார். எனக்கு எட்டாத உயரம். என்ன செய்வது என்று தவித்தபோது, ஈரமானியைத் துடைப்பதற்காக அவர் கொண்டுவந்து போட்ட ஸ்டூல், நல்லவேளையாக, அங்கேயே கிடந்தது. வாழ்நாள் முழுவதும் அவர் சொல்லை வானம் கேட்கவில்லை. நான் கேட்டேன். தங்கு தடையின்றி, குறித்த நாளில், குறித்த மூலையில் கேட்டேன்.

பிறகு ஊர் வந்தது. யார் வந்தாலும் தண்ணீர் கொடுப்பதற்கு முன் மூலையைக் காட்டுகிறார். பார்த்தால் போதாது, விரலை வைத்துத் தடவச் சொல்கிறார். "நகம் மாட்டுதா பாருங்க, மாட்டாது" என்கிறார். தபால்காரர் தடவினார். பால்காரர் தடவினார். கீழ்வீட்டுப் பல் டாக்டர் வந்து மண்டியிட்டுப் பார்த்து, விரலால் தட்டிப் பார்த்து, "சார், இது வீங்கினது இல்ல. அடைச்சது. ரொம்ப நல்லா அடைச்சிருக்காங்க" என்றார். நான் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உன் அண்ணனுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பது அன்று நல்லதாகப் போயிற்று. அவர், டீ சாப்பிடுறீங்களா டாக்டர் என்று கேட்டு அழைத்துக்கொண்டு போய்விட்டார். சம்பந்தி வந்தார். அதே பேனாவைச் செருகப் பார்த்தார், போகவில்லை. முள் கொண்டுவரச் சொல்லிக் குத்திப் பார்த்தார், போகவில்லை. அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ஆனால் விடாக்கண்டன், படுக்கையறை மர அலமாரிக்குப் பின்னால் உள்ள மூலையும் மூடியிருக்கிறதா, நகர்த்திப் பார்க்கலாமா என்றார். நான் தட்டோடு போய்ப் படுக்கையறை வாசலை மறித்துக்கொண்டேன். உன் அண்ணன், அங்கே காற்றுப் போகாது, அதற்குத் தாமதமாகும், அடுத்த முறை வரும்போது காட்டுகிறேன் என்று சமாளித்தார். சம்பந்திக்கு முழங்கால் வீங்கியதால் அடுத்த முறை இன்னும் வரவில்லை. அந்த வீக்கத்தையும் உன் அண்ணன் ஈரப்பதக் கணக்கில் சேர்த்துவிட்டார்.

இப்போது என் நிலைமையைப் பார். இந்த வீட்டில் நான் செய்த ஆகச் சிறந்த வேலை இதுதான். ஊரே தடவிப் பார்த்து வியக்கிறது. புகழோ மழைக்குப் போகிறது, மரத்துக்குப் போகிறது, உன் அண்ணனுக்குப் போகிறது. நான் டீ கொண்டுபோய் வைக்கிறேன். சில நாள் நாக்கு நுனி வரைக்கும் வந்துடும், ஐயா, இது நான் பண்ணது, என் கையால பண்ணதுன்னு சொல்லிடலாமான்னு இருக்கும். அந்த மனுஷன் முகத்தைப் பார்த்தா வார்த்தை உள்ளே போயிடுது. வாழ்க்கையில முதல் தடவையா அவர் சொன்ன ஒண்ணு பலிச்சிருக்கு. அதைப் பிடுங்க எனக்கு மனசு வரலம்மா.

எழுத்து நடை சற்றுத் தளர்ந்துவிட்டது, மன்னிக்கவும்.

ஆகவே நான் கேட்டுக்கொள்வது இதுவே. அவர் உன் வீட்டுக்கு வந்து, சுவரைப் பாராமல் நாற்பத்தைந்து பாகையில் அறுத்து, மழைக்காலத்தில் மூடிக்கொள்ளும் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார். அங்கே மூட நான் இல்லை. மழை வரும், போகும், சந்து சிரித்துக்கொண்டே இருக்கும். அவர் சொன்னது மறுபடியும் பொய்த்துவிடும், அதுவும் தங்கை வீட்டில். எனவே நீ அவருக்கு, உங்கள் பக்கத்துக் காற்று மிகவும் வறண்டது என்றும், மரம் வீங்கும் அளவுக்கு ஈரப்பதம் இல்லை என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வதாகவும், ஆதலால் தச்சரையே வைத்துக்கொள்வதாகவும் தெரிவித்துவிடு. ஈரப்பதம் என்ற சொல்லுக்கு அவர் கட்டுப்படுவார். நான் சொல்வதில் உனக்கு ஐயம் இருந்தால் என்னிடம் சான்று உண்டு. சம்பந்தி கேட்ட அந்த அலமாரிக்குப் பின்மூலையை நான் தொடவே இல்லை. அலமாரியை நகர்த்த எனக்குத் தெம்பில்லை. அங்கே சந்து அன்று அறுத்து அடித்தது அடித்தபடி, விரல் போகும் அகலத்தில் இருக்கிறது. நீ வரும்போது நாம் இருவரும் சேர்ந்து நகர்த்திப் பார்ப்போம். மழை மூடியதா, உன் அண்ணி மூடினாளா என்பதை அது சொல்லும்.

உன் வீட்டுக்காரருக்கு என் வணக்கம். பிள்ளைகள் உடலும் அறிவும் ஓங்கி வளரட்டும். உன் புது வீட்டில் கதவுகள் இறுகாமலும் மனங்கள் பிரியாமலும் நீ நெடுநாள் வாழ்க.

என்றும் உன் நலம் நாடும்,
அண்ணி

பின்குறிப்பு: உறையில் இடுவதற்கு முன், சான்று என்று எழுதிவிட்டு அளவைச் சொல்லாமல் விடுவது முறையாகாது என்று தோன்றியது. உன் அண்ணன் நடக்கப் போயிருந்தார். அலமாரியின் துணிகளையெல்லாம் இறக்கிவிட்டு, சுவருக்கும் அலமாரிக்கும் நடுவே முதுகைக் கொடுத்துத் தள்ளி, அளவுநாடாவோடு உள்ளே எட்டிப் பார்த்தேன்.

சந்து இல்லை. அடைத்திருக்கிறது.

நான் அடைத்ததில்லை என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. தேயிலைச் சாயம் இல்லாமல் வெளுத்துப்போன தூள். பசை வழிந்து தரையில் காய்ந்திருக்கிறது. உப்புத்தாளே படவில்லை. மேடும் பள்ளமுமாக அப்பி, நடுவில் கட்டைவிரலால் அழுத்தியிருக்கிறது. அந்த விரலின் கோடுகள் அத்தனையும் பதிந்திருக்கின்றன. அந்தக் கட்டைவிரலை எனக்குத் தெரியும்.

தரையில் உட்கார்ந்து யோசித்தேன். மேசைமேல் இருந்த கத்தரிக்கோல் எப்படிக் கீழே கிடந்ததாகும்? மழையில் மறுபடி நடக்கப் போவானேன்? துடைத்து முடித்த ஸ்டூலை அங்கேயே விட்டதேன்? டாக்டர் சொன்னது காதில் விழாதவருக்கு, சம்பந்தி அதைவிடத் தாழ்ந்த குரலில் அலமாரியைப் பற்றிக் கேட்டது மட்டும் எப்படி விழுந்தது? சம்பந்தி வந்து அந்த அலமாரியை நகர்த்திவிட்டால் நான் அகப்பட்டுக்கொள்வேன் என்று, எனக்குத் தெரியாமல் அவரே மண்டியிட்டு அடைத்திருக்கிறார். நான் தைத்துக் கொடுத்த எதையும் இதுவரை யாரும் விரல் வைத்துத் தடவிப் பார்த்ததில்லை. தையல் தெரியாமல் இருப்பதுதானே என் தொழில். இவர் தபால்காரர் முதல் சம்பந்தி வரை பிடித்து இழுத்துவந்து, நகம் மாட்டுதா பாருங்க என்று ஊரையே தடவ வைத்திருக்கிறார்.

ஆகவே மேலே கண்ட அனைத்தும் ரத்து. கிழித்துப் போடலாம், ஆனால் இவ்வளவு நன்றாக அமைந்த நடையைக் கிழிக்க மனம் வரவில்லை, நீயே படித்துவிட்டுக் கிழித்துவிடு. அவரை அழைத்துக்கொள். உங்கள் பக்கத்தில் ஈரப்பதம் தாராளம் என்று சொல். கூடவே நானும் வருகிறேன், சில வாரம் தங்குவேன். அவர் அறுக்கும்போது விழும் தூளைக் கூட்டிக் குப்பையில் கொட்டிவிடாதே. எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிய வேண்டாம்.

அந்தப் பின்மூலையைப் பிடுங்கிவிட்டு ஒழுங்காக அடைக்கலாம் என்று உப்புத்தாளைக் கையில் எடுத்தேன். கோணல் வேலையைப் பார்த்தும் திருத்தாமல் விட்டது என் வாழ்நாளில் இது ஒன்றுதான். அலமாரியை மறுபடி தள்ளி வைத்துவிட்டேன். இடுப்பு இப்போது நிஜமாகவே வலிக்கிறது. அவர் வந்து கேட்டால் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.